வலிப்பின்போது பதிவிலிருந்து மறையும் துடிப்புகள்

எலியின் மூளையில் நினைவோடு தொடர்புடைய பகுதியான ஹிப்போகேம்பஸில் வலிப்பு தொடங்கியதும் தனி நரம்பணுக்களின் மின் துடிப்புகள் மின்முனைப் பதிவிலிருந்து மறைகின்றனவே, அவை உண்மையில் ஓய்ந்தனவா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி உடனே முடிவு செய்துவிட வேண்டாம். வலிப்பில் செல்லுக்கு வெளியே பொட்டாசியம் பெருகி, சவ்வின் மின்னழுத்தம் உயர்ந்தே நிற்க, துடிப்பை எழுப்பும் சோடியம் வாயில்கள் (சவ்வில் சோடியம் அயனிகளை உள்ளே விடும் திறப்புகள்) பலவும் செயலிழப்பதால், துடிப்பின் உயரம் குறைந்து அகலம் கூடுகிறது. அந்த நரம்பணுவுக்கு முன்பு வகுத்த வார்ப்புருவோடு, அதாவது துடிப்பின் மாதிரி வடிவத்தோடு, அது பொருந்தாததால், துடிப்புகளை நரம்பணு வாரியாக வகைப்படுத்தும் மென்பொருள் அதை விட்டுவிடக்கூடும்.

வலிப்பு முடிந்தபின் அதே மின்முனையில் பழைய வடிவம் திரும்புகிறதா என்று முதலில் பாருங்கள்; திரும்பினால் மின்முனை நகர்ந்திருக்க வாய்ப்பு குறைவு. அடுத்து, பதிவில் 300 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளை எலியின் காணொளியோடு நேரம் பொருத்திக் கண்ணாலேயே பாருங்கள்: எல்லா மின்முனைகளிலும் ஒரே கணத்தில் ஒரே வடிவில் எழுபவை பெரும்பாலும் உடல் உதறலின் தடங்களே. அதன் பிறகும் ஐயம் எஞ்சினால், கடினமானதே என்றாலும், செல்லுக்குள்ளிருந்து பதிவு செய்வதே உறுதியான வழி.