நர்சம்மாவை எழுதுவது

வணக்கம் ஐயா,

சென்ற மாதம் அம்மா தவறிவிட்டார். 1980களின் கடைசியில் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து, அதே வேலையில் ஓய்வு பெற்றவர். ஊருக்கு அவர் நர்சம்மா. இறுதிச் சடங்கு அன்று எங்களுக்கு முகமே தெரியாத பெண்கள் வந்து எங்களைவிட அதிகமாக அழுதார்கள். ஒரு பாட்டி தன் பேரனை முன்னே தள்ளி, "உங்கம்மா இல்லேன்னா இவன் ஏது?" என்றார்.

வருடத் திதிக்கு ஒரு நினைவு மலர் போடலாம் என்கிறார்கள் உறவினர்கள். எழுத உட்கார்ந்தால் 'கருணையின் உருவம்', 'தியாகச் சுடர்' என்றே வருகிறது. மனதில் இருப்பது வேறு. ராத்திரி யாராவது கதவைத் தட்டினால் அம்மா எழுந்து போய்விடுவார். நானும் தங்கையும் பயந்துகொண்டு படுத்திருப்போம். அந்தக் குறை இன்னும் ஆறவில்லை. அதை எழுதினால் அம்மாவுக்குச் செய்யும் துரோகமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

அம்மாவுக்கு என் அஞ்சலி.

துரோகம் இல்லை, எழுதுங்கள். கதவு தட்டப்பட்ட அந்த இரவுகளை விட்டுவிட்டால் உங்கள் அம்மா செய்தது என்ன என்பதே படிப்பவருக்குப் புரியாது. அவர் போன வீட்டில் ஒரு பெண் பிள்ளை பெற்றுப் பிழைத்தாள். அவர் விட்டுப் போன வீட்டில் இரண்டு பிள்ளைகள் தூங்காமல் கிடந்தார்கள். ஒரே இரவில் நடந்தவை, ஒரே பக்கத்தில் வரட்டும்.

'கருணையின் உருவம்' பொய்யில்லைதான். ஆனால் அது யார் படத்துக்குக் கீழும் பொருந்தும். உங்கள் அம்மாவுக்கு மட்டும் பொருந்துவது அவருடைய வேலைக்குள் இருக்கிறது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது அரசு விதி. அந்த 5,000 பேரில் யார் உண்டாகியிருக்கிறாள், யாருக்கு ரத்தம் குறைவு, எந்தக் குழந்தைக்கு அடுத்த ஊசி எப்போது என்பதையெல்லாம் ஒரே பெண் பதிவேட்டிலும் மனதிலும் சுமந்தார். தடுப்பு மருந்து 2 முதல் 8 டிகிரி வெப்பநிலைக்குள் இருந்தாக வேண்டும். ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஐஸ் உருகுவதற்குள் கடைசித் தெருவுக்குப் போய்ச் சேர வேண்டும். பஸ் வராத நாளில் அம்மா என்ன செய்தார்? இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுத்துப் போகிறதே என்று பயந்து மாத்திரையைத் தூக்கிப் போடும் பெண்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களிடம் அம்மா எப்படிப் பேசினார்? ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டேன் என்ற மாமியார்களை எப்படி வழிக்குக் கொண்டுவந்தார்? மாத்திரையைக் கொடுத்துக் கணக்கில் ஏற்றுவதோடு உத்தியோகம் முடிந்துவிடும். கர்ப்பிணி அதை விழுங்கும்வரை திண்ணையில் உட்கார்ந்திருக்கச் சொல்லி எந்த அரசாணையும் இல்லை. அப்படி உட்கார்ந்தவரா உங்கள் அம்மா? அங்கிருந்து தொடங்குங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் 2001-03 காலத்தில் உயிருடன் பிறந்த 1 லட்சம் குழந்தைகளுக்கு 134 தாய்மார்கள் என்ற கணக்கில் இறந்தார்கள். 2018-20இல் அது 54. உங்கள் அம்மா பணியில் இருந்த வருடங்கள் இதில் நிறையவே அடங்கும். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் 108 வண்டிக்கும் மருத்துவர்களுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் ஏழாம் மாதத்தில் வீடு தேடி வந்து ரத்த அழுத்தம் பார்த்து, "இந்த வீக்கம் நல்லதில்லை, நாளைக்கே கிளம்பு" என்று சொன்ன ஒருவர் இருந்ததால்தான் எத்தனையோ பெண்கள் நேரத்தோடு அந்த வண்டியில் ஏறினார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் 1987 முதல் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. மிகப் பொருத்தமான மரியாதை அது. அந்த உதவிக்காக வீடு வீடாகப் போய் விவரம் வாங்கி எழுதிய கைகளைப் பற்றி நாம் அதிகம் எழுதவில்லை. உங்கள் சிறு மலர் அதைச் செய்யலாம்.

உங்கள் குறைக்கு வருகிறேன். நீங்கள் பிறந்தபோது அம்மா எத்தனை நாள் வீட்டில் இருந்தார் என்று விசாரித்துப் பாருங்கள். தமிழக அரசுப் பெண் ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு நெடுங்காலம் 90 நாள்தான். 2011இல் 6 மாதம், 2016இல் 9 மாதம், 2021இல் 12 மாதம் என்று பிறகுதான் ஏறியது. நீங்களும் தங்கையும் 90களின் பிள்ளைகள் என்றால், தாய்ப்பால் கொடுங்கள் என்று தெருத்தெருவாகச் சொன்னவர் தன் பிள்ளையை மூன்று மாதத்தில் விட்டுவிட்டு அதைச் சொல்லப் போயிருக்கிறார். எனக்கு இதை நினைக்கவே நெஞ்சு கனக்கிறது. நீங்கள் அம்மா மேல் வைத்திருக்கும் மனத்தாங்கலில் பாதிக்கு மேல் அந்த 90 நாள் விதியின் மேல் போய் விழ வேண்டியது. மிச்சத்தை மறைக்காமல் எழுதுங்கள். தங்கைக்குத் தனியாகப் பக்கம் கொடுங்கள். அவருடைய நினைவு உங்களுடையதிலிருந்து வேறாக இருந்தால் திருத்த வேண்டாம்.

அன்று வந்து அழுத பெண்களைத் தேடிப் போங்கள். "எங்கம்மா எப்படி?" என்று கேட்டால் "தங்கம்" என்று முடித்துவிடுவார்கள். "உங்கள் வீட்டுக்கு முதல்முதலாக எதற்கு வந்தார்?" என்று கேளுங்கள். திட்டு வாங்கிய கதையும் வரும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அம்மாவின் பழைய நோட்டுகள் வீட்டில் இருக்கலாம். அதிலிருந்து ஒரு பெயரையும் எடுத்து அச்சிடாதீர்கள். கணவனுக்குத் தெரியாமல் காப்பர்-டி போட்டுக்கொண்டவள், கலைத்தவள், வெளியே சொல்ல முடியாத நோய்க்கு மாத்திரை வாங்கியவள் எல்லோரும் அவரிடம் வந்திருப்பார்கள். எங்கேயும் வாய் திறக்க மாட்டார் என்ற நம்பிக்கையில்தான் ஊர்ப் பெண்கள் அவருக்குக் கதவைத் திறந்தார்கள். கேட்டுச் சம்மதித்தவர்களின் பெயரை மட்டும் போடுங்கள். மற்றவர்களைப் பற்றி எழுதும்போது ஊர், வருடம், உறவு எதுவும் அடையாளம் காட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதியதும் அச்சுக்குக் கொடுக்கும் முன் எனக்கு ஒருமுறை அனுப்புங்கள். படித்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது.