முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் சீஷெல்ஸ் கப்பல்: ஜூலை வேண்டாம்

வணக்கம். முழங்கால் வலியுள்ள அம்மாவை ஜூலையில் சீஷெல்ஸ் தீவுகளைச் சுற்றும் சொகுசுச் சிறுகப்பலில் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள், மாதத்தை மட்டும் மாற்றுங்கள். இங்கே மொரீசியஸில் ஜூலை குளிர்காலம்; அப்போது வீசுகிற அதே தென்கிழக்குக் காற்று அங்கேயும் கடலைக் கிளப்பிவிடும். சிறிய கப்பல் என்றால் ஆட்டம் இன்னும் அதிகம். ஏப்ரல் அல்லது அக்டோபர் கடைசி நல்லது.

உண்மையான சிக்கல் கரையிறங்குவதுதான். பிராலின், லா டீக் ஆகிய தீவுகள் இரண்டிலும் இறங்குதுறை உண்டு, கவலையில்லை. பறவைகளுக்கான காப்பகமான கூசின் தீவில் கிடையாது. எலி, பூச்சி எதுவும் ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாதென்று தீவுக் காவலர்களே தங்கள் படகில் ஏற்றிக்கொண்டு, அலையோடு அலையாக மணலில் கொண்டுபோய் ஏற்றி நிறுத்துவார்கள். படகின் விளிம்பைத் தாண்டிக் காலை வெளியே போட்டுத் தண்ணீரில் இறங்க வேண்டும். அன்றைக்கு அம்மா கப்பலிலேயே இருக்கட்டும்.

அறையைக் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில் கேளுங்கள். மேல்தளத்து பால்கனிக்குக் கூடுதல் காசு கொடுத்து ஆட்டத்தையும் சேர்த்து வாங்காதீர்கள்!

அப்புறம், ஒருநாள் முன்னதாகவே சீஷெல்ஸின் பெரிய தீவான மாஹே போய்விடுங்கள். அங்கே தலைநகர் விக்டோரியாவில் நவசக்தி விநாயகர் கோயில் இருக்கிறது. அம்மாவுக்குக் கப்பலைவிட அதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். சைவச் சாப்பாடு வேண்டுமானால் முன்பதிவின்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.