பிடித்த இசைக்குழுவுக்கு ஒரு ரசிகர் உண்மையில் எப்படித் துணை நிற்க முடியும்?

கேள்வி: சுயாதீனமாக இயங்கும் ஓர் இசைக்குழு எனக்கு மிகவும் பிடித்தமானது. அவர்களுடைய பாடல்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதையும் நண்பர்களிடம் பகிர்வதையும் தவிர, ஒரு ரசிகரால் வேறு என்ன செய்ய முடியும்? அதனால் அவர்களுக்கு உண்மையில் பயன் உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. மரில்லியன் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் ரசிகனாக இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்து வருகிறேன்; அவர்களுடைய வரலாற்றைக் கொண்டே இதற்குப் பதில் சொல்ல விரும்புகிறேன். ரசிகர்களின் ஆதரவு ஓர் இசைக்குழுவின் பிழைப்பையும் இசையையும் எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறு இல்லை. நான் கண்டறிந்தது இதுதான்: இசைத்தொகுப்பு உருவாவதற்கு முன்பே, இடையில் எவரும் இல்லாமல், இசைக்குழுவின் கைக்கே போய்ச் சேரும் பணம்தான் மிகப் பெரிய உதவி, அந்தப் பணத்தைக் கொடுத்த பிறகு, என்ன பாட வேண்டும் என்று அவர்களுக்குக் கட்டளையிடாமல் இருப்பது அதற்கு இணையான உதவி.

மரில்லியன் 1979-இல் பக்கிங்ஹாம்ஷயரின் அய்ல்ஸ்பரி நகரத்தில் உருவான குழு. தொடக்கத்தில் அவர்கள் சுயாதீனக் குழுவாக இருக்கவில்லை. இ.எம்.ஐ. என்ற மிகப் பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, 1985-இல் பிரிட்டனின் இசைத்தொகுப்புப் பட்டியலில் முதலிடம் வரை சென்றவர்கள். 1988-இல் பாடகர் ஃபிஷ் விலகினார். 1989-இல் ஸ்டீவ் ஹோகார்த் அவருடைய இடத்துக்கு வந்தார். ஹோகார்த், கிதார் வாசிக்கும் ஸ்டீவ் ராதரி, விசைப்பலகை வாசிக்கும் மார்க் கெல்லி, பேஸ் வாசிக்கும் பீட் ட்ரவாவஸ், டிரம்ஸ் வாசிக்கும் இயன் மோஸ்லி ஆகிய ஐவரும் அன்று முதல் இன்று வரை மாறாமல் ஒன்றாக இருக்கிறார்கள். ஆனால் விற்பனை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தது. 1995-இல் இ.எம்.ஐ.யுடனான உறவு முடிவுக்கு வந்தபோது, பத்திரிகைகள் இந்தக் குழுவை ஏறத்தாழ மறந்தேவிட்டன. வழக்கமாக ஓர் இசைக்குழு கலைந்துபோகும் கட்டம் அது.

1997-இல் புதிய தொகுப்பு வெளிவந்தபோது, வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு அவர்களிடம் பணம் இல்லை. இத்தகைய பயணம் ஒன்றுக்கு டிக்கெட் வருமானம் போக ஏற்படும் பல்லாயிரம் டாலர் நட்டத்தை முன்பெல்லாம் இசைத்தட்டு நிறுவனம் ஏற்றுக்கொள்ளும். இப்போது ஏற்க எவரும் முன்வரவில்லை. ரசிகர்களின் மின்னஞ்சல் குழு ஒன்றில் மார்க் கெல்லி இந்த நிலையை விளக்கினார். உதவி கேட்பது அவருடைய நோக்கமாக இருக்கவில்லை. ஏன் வர முடியவில்லை என்பதற்கான காரணத்தைச் சொன்னார், அவ்வளவுதான். அந்தப் பணத்தை நாமே திரட்டினால் என்ன என்று ரசிகர்களே கேட்டார்கள். ரசிகர்களே வங்கிக் கணக்கைத் திறந்து, ரசிகர்களே கணக்கு வைத்து, சுமார் 60,000 டாலர் சேர்த்தார்கள். பணம் கொடுத்தவர்கள் நிகழ்ச்சிக்கான டிக்கெட்டையும் தனியாக வாங்கினார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும். அவ்வாண்டே அந்தச் சுற்றுப்பயணம் நடந்தது. படைப்புகளுக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளம் தொடங்கியது 2009-இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ரசிகர்கள் காலத்தை எவ்வளவு முந்தினார்கள் என்பது புரியும்.

நன்கொடையாக நடந்த இந்தச் செயலைவிட, அதிலிருந்து இசைக்குழு கற்றுக்கொண்டு 2001-இல் செய்ததுதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். அதைப் புரிந்துகொள்ள, இசைத்தட்டு ஒப்பந்தம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். நிறுவனம் ஒலிப்பதிவுக்காக ஒரு முன்பணம் கொடுக்கும். ஆனால் அது கடனைப் போன்றது: விற்பனையில் கலைஞர்களுக்குச் சேர வேண்டிய சிறு பங்கிலிருந்து அந்த முன்பணம் முழுவதும் கழிக்கப்பட்ட பிறகே அவர்கள் கைக்கு ராயல்டி வரும். கடன் முழுவதும் அடைந்த பிறகும், மூல ஒலிப்பதிவின் உரிமை பெரும்பாலும் நிறுவனத்திடமே இருக்கும். அந்த முன்பணம் இல்லாமல் ஒலிப்பதிவு செய்ய முடியாது என்பதால்தான் இளம் கலைஞர்கள் இதற்கு உடன்படுகிறார்கள். அதாவது, அறுவடைக்குப் பின் வரும் பணத்தைவிட விதைப்புக்கு முன் வரும் பணத்துக்குத்தான் மதிப்பு அதிகம். அதைக் கொடுப்பவர் எவரோ அவருக்கே நிலம் கட்டுப்பட்டிருக்கிறது.

மரில்லியன் அந்த முன்பணத்தை நிறுவனத்திடம் கேட்காமல் ரசிகர்களிடம் கேட்டார்கள். தங்களிடம் இருந்த ரசிகர்களின் மின்னஞ்சல் முகவரிகளுக்குக் கடிதம் அனுப்பி, இன்னும் எழுதப்படாத, ஒரு சுரம்கூடப் பதிவாகாத தொகுப்பை இப்போதே பணம் கட்டி வாங்குவீர்களா என்று வினவினார்கள். 12,000-க்கும் மேற்பட்டோர் வாங்கினார்கள். அந்தத் தொகையைக் கொண்டு உருவானதுதான் 2001-இல் வந்த 'அனோராக்னோஃபோபியா'. முன்பதிவு செய்தவர்களின் பெயர்கள் அதன் சிறப்புப் பதிப்பின் ஏட்டில் அச்சிடப்பட்டன. கடைகளுக்கான விநியோகத்தை இ.எம்.ஐ. நிறுவனமே ஏற்றது, ஆனால் இம்முறை உரிமை இசைக்குழுவிடம் இருந்தது. ஆறே ஆண்டுகளுக்கு முன் முடிந்துபோன உறவு, முற்றிலும் வேறொரு நிபந்தனையின் பேரில் மறுபடி தொடங்கியதற்குக் காரணம், முகம் தெரியாத அந்தப் பன்னிரண்டாயிரம் பேர்தான்.

2004-இல் 'மார்பிள்ஸ்' தொகுப்புக்கும் இவ்வாறே முன்பதிவு நடந்தது. அப்போது திரண்ட தொகை விளம்பரத்துக்கும் உதவியது. அதிலிருந்து தனியாக வெளிவந்த முதல் பாடல் பிரிட்டனின் தனிப்பாடல் பட்டியலில் 7-ஆம் இடத்தைப் பிடித்தது. 1987-க்குப் பிறகு அந்தப் பட்டியலின் முதல் பத்து இடங்களுக்குள் அவர்கள் வந்தது அப்போதுதான்.

வேலை நிமித்தமாக நான் இங்கிலாந்தில் இருந்த காலத்தில், உடன் பணியாற்றிய ஒருவர் மூலம் இந்தக் குழுவின் இசை எனக்கு அறிமுகமானது. நான் செய்துவருவது பெரிய தியாகம் எதுவும் அல்ல. அவர்களுடைய மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்தேன். புதிய தொகுப்பு அறிவிக்கப்பட்டால், முன்பதிவு தொடங்கியவுடன் வாங்கிவிடுகிறேன். குறுந்தட்டோ டீ-ஷர்ட்டோ நேரடிப் பதிவோ, எதுவானாலும் பெரிய வணிகத் தளங்களில் வாங்காமல் இசைக்குழுவின் சொந்தக் கடையிலிருந்தே வரவழைக்கிறேன். சில சமயம் விலை சற்றுக் கூடுதலாகவும், அஞ்சலில் வந்து சேர நாளாவதாகவும் இருக்கும். அதைப் பொருட்படுத்துவதில்லை, ஏனெனில் அந்தப் பணம் எங்கே போகிறது என்பது எனக்குத் தெரியும்.

பணத்தைப் பற்றி மட்டுமே பேசினால், ரசிகராக இருப்பதன் மகிழ்ச்சி விடுபட்டுப்போகும். 2002 முதல் மரில்லியன் தங்கள் ரசிகர்களுக்காகவே வார இறுதி விழாக்களை நடத்துகிறார்கள். 2007 முதல் அதன் முக்கிய இடம், நெதர்லாந்தின் கடலோரத்தில் உள்ள போர்ட் ஸேலாண்ட் என்ற விடுமுறைக் குடியிருப்பு. மொன்ட்ரியால், லெஸ்டர் போன்ற நகரங்களிலும் நடந்திருக்கிறது. வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று இரவுகளும் அவர்களே மேடையேறுவார்கள். ஒவ்வோர் இரவும் வெவ்வேறு பாடல்கள். ஓர் இரவில் ஒரு தொகுப்பை முதலிலிருந்து கடைசி வரை வரிசை பிசகாமல் வாசிப்பதும் உண்டு. ரசிகர்கள் சிறு சிறு வீடுகளில் சேர்ந்து தங்குகிறார்கள். போலந்துக்காரர் சமைத்ததை பிரேசில்காரர் சாப்பிட்டபடி, தொண்ணூறுகளில் வந்த ஒரு தொகுப்பின் ஒலிக்கலவை சரியா தவறா என்று விவாதித்துக்கொண்டிருப்பார். அங்கே போயிருந்தபோது, நான் தமிழ்நாட்டிலிருந்து வந்தவன் என்பதை அறிந்ததும் எத்தனை பேர் தங்கள் மேசைக்கு அழைத்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

இந்த விழாக்களில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி, ரசிகர்கள் இசைக்குழுவினரின் இடத்தில் நின்று வாசிப்பதுதான். ஒரு பாடலுக்கு ராதரி கிதாரை ஒரு ரசிகருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு விலகி நிற்பார்; இன்னொரு பாடலுக்கு மோஸ்லியின் இடத்தில் வேறொருவர் அமர்ந்திருப்பார். பல ஆண்டுகளாகத் தன் அறையில் தனியாக வாசித்துப் பழகிய ஒருவர், அதே பாடலை அதை உருவாக்கியவர்களோடு சேர்ந்து, ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் வாசிக்கும்போது, அரங்கில் உள்ள அனைவரும் அவர் பிசகிவிடக் கூடாதே என்று உள்ளம் பதைக்கக் கேட்கிறார்கள். எந்தக் குழுவும் தன் ரசிகர்கள்மீது இவ்வளவு நம்பிக்கை வைத்து நான் பார்த்ததில்லை. அந்த நம்பிக்கை 1997-இல் ரசிகர்கள் அவர்கள்மீது வைத்த நம்பிக்கைக்கான மறுமொழி என்றே நான் கருதுகிறேன்.

நீங்கள் குறிப்பிட்ட, திரும்பத் திரும்பக் கேட்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் நீங்கள் கட்டும் மாதச் சந்தா, நீங்கள் கேட்ட கலைஞருக்கு நேராகப் போவதில்லை. எல்லாரின் சந்தாவும் ஒரே பொதுத் தொகையாகச் சேர்க்கப்பட்டு, மொத்தக் கேட்பு எண்ணிக்கையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற விகிதப்படி பிரிக்கப்படுகிறது. எனவே மாதம் முழுவதும் நீங்கள் ஒரே ஒரு சிறு குழுவைக் கேட்டாலும், உங்கள் பணத்தின் பெரும்பகுதி உலகப் புகழ்பெற்ற சிலருக்கே சென்று சேரும். போதாததற்கு, 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் பன்னிரண்டு மாதங்களில் 1,000 முறை கேட்கப்படாவிட்டால் அதன் ஒலிப்பதிவுக்கு ராயல்டியே கிடையாது. இதற்கு மாறாக, பேண்ட்கேம்ப் தளத்தில் ஒரு தொகுப்பை வாங்கினால், தளம் பொதுவாக 15 சதவீதம் எடுத்துக்கொண்டு, பணம் செலுத்தும் சேவைக்கான கட்டணம் போக மீதியைக் கலைஞருக்குக் கொடுக்கிறது. கேட்பதை நிறுத்த வேண்டாம். புதியவர்களின் காதுக்கு அவர்களுடைய இசை போய்ச் சேர அது உதவும். ஆனால் அதையே ஆதரவு என்று எண்ணி அமைதியடைந்துவிட வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் சொன்ன இரண்டாவது உதவிக்கு, அதாவது கட்டளையிடாமல் இருப்பதற்கு, வருகிறேன். ஃபிஷ் பாடிய காலமே பொற்காலம் என்று சொல்லி, 1985-ஆம் ஆண்டின் பாடல்களையே மேடையில் எதிர்பார்க்கும் ரசிகர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பாடல்கள்மீது எனக்கும் பெரும் அன்பு உண்டு. ஆனால் ஹோகார்த்துடன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த ஐவரும் உருவாக்கிய இசை, பழைய வெற்றியைத் திரும்பச் செய்யாமல், மெதுவாக விரியும் நீண்ட பாடல்களாக, வானொலிக்கு எந்த வகையிலும் ஒத்துவராததாக வளர்ந்திருக்கிறது. முன்பணம் கொடுத்தவர்கள் ரசிகர்கள் என்பதால்தான் இது சாத்தியமானது. மூன்று நிமிடப் பாடல் வேண்டும் என்று கேட்க மேசைக்கு எதிரே எவரும் உட்கார்ந்திருக்கவில்லை. 2016-இல் வந்த தொகுப்பில் சில படைப்புகள் ஒவ்வொன்றும் கால் மணி நேரத்துக்கு மேல் நீள்பவை. அது பிரிட்டன் பட்டியலில் 4-ஆம் இடத்தைப் பெற்றது. அடுத்த ஆண்டு அக்டோபரில் லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவர்கள் வாசித்தபோது அரங்கு நிறைந்திருந்தது. 2022-இல் வந்த தொகுப்பு 2-ஆம் இடம் வரை சென்றது. எனக்கு எல்லாத் தொகுப்புகளும் ஒரே அளவில் பிடித்தவை அல்ல. 1998-இல் வந்ததை இன்னும் என்னால் முழுமனத்தோடு கேட்க முடியவில்லை. அதை வெளிப்படையாகச் சொல்லும் உரிமை ரசிகருக்கு உண்டு. ஆனால் பணம் கொடுத்தேன் என்பதற்காக எனக்குப் பிடித்ததையே செய்ய வேண்டும் என்று கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

முன்கூட்டியே பணம் கொடுக்கும்போது, அது யார் கையில் இருக்கும் என்பதைக் கட்டாயம் பாருங்கள். பிளெட்ஜ்மியூசிக் என்ற நிதிதிரட்டும் தளம் 2019-இல் முடங்கியபோது, ரசிகர்கள் கட்டிய தொகை பல கலைஞர்களுக்குப் போய்ச் சேராமலே போனது; ரசிகர்களும் ஏமாந்தார்கள், பொருளை அனுப்ப வேண்டிய பொறுப்பில் கலைஞர்களும் சிக்கினார்கள். நம்பிக்கையை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு மரில்லியனின் 2021-ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தை எடுத்துக்காட்டாகச் சொல்வேன். பெருந்தொற்றால் நிகழ்ச்சிகள் ரத்தானால் ஏற்படும் இழப்புக்குக் காப்பீடு கிடைக்காத நிலையில், அவர்கள் ரசிகர்களிடம் ஓர் ஈட்டுத்தொகையைக் கேட்டார்கள். அந்தப் பணம் இசைக்குழுவின் கணக்குக்கு வராமல் தனியாக வைக்கப்படும். பயணம் தடையின்றி முடிந்தால் கொடுத்தவர்களுக்கே திரும்பிவிடும் என்பது ஏற்பாடு. கேட்ட விதத்திலேயே அவர்களுடைய நேர்மை தெரிந்தது.

உங்களுக்குப் பிடித்த குழு மிகச் சிறியதாக இருக்கலாம். மின்னஞ்சல் பட்டியலோ கடையோ அவர்களிடம் இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் அடுத்த நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கிச் செல்லுங்கள். இலவச அனுமதிச் சீட்டு கிடைத்தாலும் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டுப் பணம் கொடுத்தே உள்ளே போங்கள். முடிந்த பிறகு அவர்களைச் சந்தித்து, அடுத்த தொகுப்புக்கு இப்போதே பணம் கட்ட நீங்கள் தயார் என்று சொல்லுங்கள். உங்களைப் போல் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்திருக்கவே மாட்டார்கள். எண்ணத் தொடங்குவதற்கு ஒருவராவது முதலில் சொல்ல வேண்டும் அல்லவா?