தாத்தா காலத்து டிராக்டரில் எது ஒரிஜினல், எந்த டயர் சைஸ்?

அம்பாசமுத்திரம் பக்கம் வயலில் ஓடிய பழைய மாஸி பெர்குசன் 1035 உங்களிடம் இருக்கிறது, டயர் எழுத்து தேய்ந்துவிட்டது என்று கேட்டிருந்தீர்கள்.

டயரை நம்பாதீர்கள், ரிம்மைப் பாருங்கள். டயர் பலமுறை மாறியிருக்கும். ரிம்மில் துருவைச் சுரண்டினால் W10-28 அல்லது W11-28 என்று குத்தியிருப்பது தெரியலாம். அதில் 28 என்பது டயர் உட்காரும் இடத்தின் விட்டம், அங்குலத்தில். ஓரத்தையும் சேர்த்து அளந்தால் 30 காட்டும். பலர் ஏமாறுவது இங்கேதான். பின்சக்கரத்தில் இந்த ரிம் இருந்தால் 12.4-28 டயர் போடலாம். பழைய டயரில் 11-28 என்றிருந்தால் அதுவும் இதே சைஸ்தான். முன்னால் பெரும்பாலும் 6.00-16.

அப்புறம் பாகங்கள். ஆர்.சி. புத்தகத்திலுள்ள இன்ஜின், சேஸிஸ் எண்களை வண்டியில் குத்தியிருப்பதோடு ஒப்பிடுங்கள். வார்ப்பிரும்புப் பாகங்களில் வார்ப்பு எண் தனியாகப் புடைப்பாக இருக்கும். அழுக்கை எடுக்க மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் போதும், கிரைண்டர் வேண்டவே வேண்டாம், எண்களைத் தின்றுவிடும். இன்ஜினில் சிம்சன் பெயர் இருந்தால் பயப்படாதீர்கள். சென்னை சிம்சன் இன்ஜின்தான் 1035-க்குச் சொந்த இன்ஜின். பெயின்ட் பளபளப்பை மட்டும் வைத்து முடிவுசெய்யாதீர்கள்.