தேவகோட்டைக் கடைக்கு பில் போடும் மெஷின் வேண்டுமா?

தேவகோட்டையில் உங்கள் மளிகைக் கடையில் சாயங்காலம் வரிசை நீள்கிறது, வாங்குகிறவரே பில் போட்டுக்கொள்ளும் மெஷின் இரண்டு வைத்துவிட்டு கவுண்டரில் ஒரு ஆளைக் குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மெஷின் சரி, ஆளைக் குறைக்காதீர்கள்.

சோப்பு, பிஸ்கட் என்று நாலைந்து பொருளோடு வந்து யுபிஐயில் கட்டிவிட்டு ஓடுகிறவர்களுக்கு அது நல்ல வசதிதான். ஆனால் நம் ஊர்க் கூடையில் கல்பாசி ஐம்பது கிராம், மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, உதிரி மிளகாய் வற்றல் எல்லாம் இருக்குமே, பொட்டலம் கட்டிக் கொடுக்கிற இவற்றில் எதற்கு பார்கோடு இருக்கிறது? முதலில் எடை போடும் இடத்திலேயே பார்கோடு ஸ்டிக்கர் அடிக்கும் தராசு வையுங்கள், அதிலேயே வரிசை வேகமாக நகரும்.

அப்புறம், பல மெஷின்களில் பை வைக்கும் தட்டுக்கு அடியில் எடை பார்க்கும் சென்சார் உண்டு, ஸ்கேன் செய்த பொருளின் எடையும் தட்டில் ஏறிய எடையும் ஒத்துவராவிட்டால் அப்படியே நின்றுவிடும், கடை ஆள் வந்துதான் சரிசெய்ய வேண்டும். சென்னையில் ஒரு கடையில் என் அம்மா இப்படி மாட்டிக்கொண்டு, பின்னால் நின்றவர்கள் முறைக்க, சாமானை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். பணத்தை எண்ணிக் கொடுத்துப் பழகிய ஆச்சிமார்களை அப்படி நிற்க வைக்காதீர்கள்.

இங்கிலாந்தில் பூத்ஸ் சூப்பர் மார்க்கெட் 2023இல் இரண்டு கடைகள் தவிர மற்றவற்றில் இந்த மெஷின்களை எடுப்பதாக அறிவித்தது. நீங்கள் ஒன்று மட்டும் வாங்கி, பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தி, கல்யாண சீசன் முடிகிறவரை பாருங்கள்.