ஏற்காட்டு ஷெட்டில் கிடக்கும் மாடல் டி: ஒரிஜினல் பாகம் தேடுவோர் கேள்வி பதில்

கேள்வி (ஏற்காடு): எஸ்டேட் ஷெட்டில் ஒரு ஃபோர்டு மாடல் டி கிடக்குதுங்க சார். எந்த வருஷத்து வண்டி என்றே தெரியவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: கடைக்குப் போகும் முன் வண்டியைப் படியுங்கள். என்ஜினின் இடப்பக்கம், தண்ணீர் நுழையும் வாய்க்கு மேலே சின்ன மேடையில் எண் இருக்கும். மண்ணெண்ணெயும் பித்தளை பிரஷும் போதும். எமரித் தாள் பட்டால் எழுத்து தேய்ந்துவிடும். முன்னால் ‘சி’ இருந்தால் கனடா என்ஜின். பெரும்பாலான மாடல் டி-க்குச் சேஸிஸ் எண்ணே கிடையாது, இந்த எண்தான் ஆதாரம். ஆனால் என்ஜின் மாற்றிய வண்டிகளும் உண்டு என்பதால் ரேடியேட்டரையும் பாருங்கள். 1916 வரை பித்தளை, 1917 முதல் கறுப்புத் தகட்டு ஓடு.

பாடி மரத்தில் சதுரக் குழி ஸ்க்ரூ இருக்கிறதா? அது ராபர்ட்சன் ஸ்க்ரூ, கனடா வண்டிக்கு நல்ல சாட்சி. நம் ஊருக்கு வலப்பக்க ஸ்டீயரிங் ஃபோர்டுகள் அங்கிருந்துதான் வந்தன. தச்சர் அதைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுச் சாதா ஸ்க்ரூ அடித்துவிடுவார். முதல் நாளே சொல்லிவையுங்கள்.

கேள்வி (அஸ்தம்பட்டி): அண்ணா, பின் ஆக்ஸிலுக்கு ஃபோர்டு முத்திரையோடு பழைய வாஷர் செட் முழுசாகக் கிடைத்திருக்கிறது. அப்படியே மாட்டலாமா?

பதில்: மாட்டாதீங்க. ஒரிஜினல் மேல் எவ்வளவு ஆசை இருந்தாலும் இங்கே அது வேண்டாம். டிஃபரன்ஷியலின் (பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) இரு பக்கமும் ஒவ்வொரு வைட் மெட்டல் (மென்மையான உலோகக் கலவை) த்ரஸ்ட் வாஷர், அதாவது பக்க அழுத்தம் தாங்கும் வளையம், இருக்கும். ஒவ்வொன்றும் இரண்டு ஸ்டீல் தட்டுகளுக்கு நடுவே. வயதான வைட் மெட்டல் பிஸ்கட் மாதிரி உதிரும். உதிர்ந்தால் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல் நகர்ந்து, அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனை விட்டு விலகிவிடும். மாடல் டி-யின் கால் பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர் டிரம்மில் இருக்கிறது. பல் விலகிய நொடியே கால் பிரேக்கும் போய்விடும். மிஞ்சுவது கை பிரேக் மட்டும், அதுவும் வண்டியை நிறுத்தி வைக்கத்தான் லாயக்கு. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கும் வண்டிக்கு இது விளையாட்டில்லை.

பின் ஆக்ஸில் ஆயிலை வடித்து வெள்ளைத் துணியில் ஊற்றுங்கள். சாம்பல் நிறத் துணுக்கு தெரிந்தால் வாஷர் போய்விட்டது. தெரியாவிட்டாலும் பிரித்து இரண்டு வெண்கல வாஷர் போடுங்கள். ஸ்டீல் தட்டு நான்கும் தேயாமல் இருந்தால் பழையதே ஓடட்டும். வால்வும் இதே கதைதான்: பழையதில் வார்ப்பிரும்புத் தலையும் ஸ்டீல் தண்டும் தனித்தனி. தலை கழன்று பிஸ்டன் மேல் விழும். ஒரே துண்டு வால்வு வாங்குங்கள்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): ஸ்பார்க் பிளக் மாட்டும் துளையின் மரை தேய்ந்திருக்கிறது. பைப் கடை டேப் (மரை வெட்டும் கருவி) அரை இஞ்சுதானே, அதைப் போட்டுச் சரிசெய்யலாமா?

பதில்: வேண்டாம். இரண்டிலும் அங்குலத்துக்கு 14 மரைதான், அதனால்தான் ஏமாறுகிறார்கள். நம் தண்ணீர்க் குழாய் மரையின் கோணம் 55 டிகிரி, ஃபோர்டு பிளக்குக்கு 60. முதல் நாலு சுற்று சுகமாக ஏறும், பிறகு ஹெட்டின் மரையைத் தின்றுவிடும். அமெரிக்க அரை இஞ்சு டேப்பர் பைப் டேப் என்றே லேத் பட்டறையில் கேளுங்கள்.

கேள்வி (ஏற்காடு): மழைக்காலத்தில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. பிளக்குக்குப் பொறி தரும் நாலு காயில் பெட்டியும் ஒரிஜினல்தான்.

பதில்: ஒரிஜினலாக இருப்பதுதான் வியாதி! காயில் பெட்டி மரம். மூடுபனியின் ஈரத்தைக் குடித்தால் மின்சாரம் மரத்தின் வழியே கசியும். நன்றாக உலர்த்துங்கள். உள்ளே இருக்கும் தாள் கன்டென்ஸர் நாளாவட்டத்தில் ஒழுகிப்போகும். அதை எடுத்துவிட்டு 0.47 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் ஃபிலிம் கன்டென்ஸர் வைத்துத் தாரால் மூடினால் வெளியே ஒன்றும் தெரியாது. ஒன்று கவனம்: மேக்னெட்டோ (ஃப்ளைவீல் காந்தங்களால் மின்சாரம் தரும் அமைப்பு) முனையில் பேட்டரி வயரைத் தொட்டுப் பார்க்காதீர்கள், ஃப்ளைவீலின் 16 காந்தமும் பலம் இழக்கும்.

கேள்வி (அம்மாப்பேட்டை): மாரிஸ் கௌலி (பழைய இங்கிலாந்து கார்) என்ஜின் போல்ட்டுக்குச் சேலம் லீ பஜார் முழுக்கத் தேடியாச்சு. விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அளவு) ஸ்பானர் சேருது, விட்வொர்த் நட் சேரலை.

பதில்: அந்த என்ஜின் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் இங்கிலாந்துத் தொழிற்சாலையில் பிறந்தது. மரை மெட்ரிக், தலை மட்டும் விட்வொர்த். 8 மி.மீ. போல்ட்டுக்கு இன்றைய கடைச்சரக்கு 1.25 மி.மீ. பிட்ச் (மரைக்கு மரை தூரம்), உங்களுடையது 1.0. பழைய போல்ட்டைத் தூக்கிப்போடாமல் மாதிரியாகக் கொண்டுபோய், தலை அளவை அப்படியே வைத்துப் புதியதை லேத்தில் கடையச் சொல்லுங்கள்.

கேள்வி (சூரமங்கலம்): ஆர்.சி. இல்லாத வண்டியைப் பதிவு செய்ய முடியுமா?

பதில்: 2021 விதிப்படி 50 வயது தாண்டிய சொந்த உபயோக வண்டிக்கு ‘விஏ’ எழுத்துள்ள எண் உண்டு. கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. எனவே வேலை தொடங்கும் முன்பே எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துவையுங்கள், என்ஜின் எண்ணைக் கிட்டத்தில்.