எனக்கு வயது 31, ஒல்லி, சைவம். எல்டிஎல் 200க்கு மேல். 'ஏற்பியில் கோளாறு' என்கிறார் மருத்துவர். அப்படியென்றால் என்ன?

எனக்கும் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் ஏற்பிக் கோளாறால்தான் கூடியது. உங்கள் வீட்டிலும் இந்நேரம் யாராவது "கண்டதையும் தின்றால் இப்படித்தான்" என்று சொல்லியிருப்பார்கள். எனக்குச் சொன்னவர் பெரியப்பா, அதுவும் ஒரு கல்யாணப் பந்தியில். என் இலையில் வைத்த வடையை எடுக்கச் சொல்லிவிட்டு அவர் மூன்று சாப்பிட்டார். அவருக்கு எல்லாமே நார்மல். அப்பா நாற்பத்து நான்கில் மாரடைப்பில் போனபோதும் சாப்பாட்டின் மேல்தான் பழி போட்டார்கள்.

மரபணுப் பரிசோதனைக்குப் பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. ரத்தத்தில் இருக்கும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் இருக்கின்றன. ஆனால் அவை தயாராவது மேற்பரப்பில் இல்லை. செல்லுக்குள் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்ற புரதப் பட்டறையில் உருவாகி, ஒழுங்காக மடிந்து, கோல்கி என்ற அடுத்த பட்டறையில் சர்க்கரைச் சங்கிலி ஒட்டும் வேலை முடிந்து, ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் மேலே வருகின்றன. அப்புறம் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எல்டிஎல்லை உள்ளே கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பி வர வேண்டியதுதான். ஆயுள் சுமார் 20 மணி நேரம்.

இந்த ஏற்பியைச் செய்யும் மரபணு நம்மிடம் இரண்டு பிரதிகள் உண்டு. என்னுடையதில் ஒன்று பழுது. அதிலிருந்து வரும் ஏற்பி சரியாக மடிவதில்லை. செல்லின் தரச் சோதனை அதை ரெட்டிகுலத்திலேயே பிடித்துவைத்து அழித்துவிடுகிறது. உங்களுக்கும் இதேதான் என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு ஏற்பி உருவாவதே இல்லை. சிலருக்கு மேலே வந்தும் எல்டிஎல் ஒட்டாது. ஒட்டியும் உள்ளே போகாத வகைகூட உண்டு. இதையெல்லாம் நோயாளிகளின் தோல் செல்களை வளர்த்துக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவின் டல்லாஸைச் சேர்ந்த மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும். 1985இல் நோபல் வாங்கினார்கள். இரண்டு பிரதிகளும் பழுதான குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே மாரடைப்பு வருவது உண்டு.

சாப்பாட்டுக்குச் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை, பின்னூட்டத்தில் பாய வேண்டாம். நான் மருத்துவரும் இல்லை. ஆனால் பத்தியம் மட்டும் இருந்தால் இது சரியாகாது. ஸ்டாட்டின் மாத்திரை கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியைக் குறைக்கிறது. பற்றாக்குறை வந்ததும் செல் கூடுதலாக ஏற்பிகளைச் செய்கிறது, நல்ல பிரதி கைகொடுக்கிறது. பிசிஎஸ்கே9 என்ற புரதம் ஏற்பியைத் திரும்ப விடாமல் அழிவுக்கு அனுப்பும். அதைத் தடுக்கும் ஊசிகள் 2015 முதல் இருக்கின்றன. விலைதான் அதிகம். வாட்ஸ்அப்பில் ஸ்டாட்டின் சதி என்று அனுப்புகிறவர்கள் தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள்.

உடன்பிறந்தவர்களையும் பரிசோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள், அவர்களுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எங்கள் வீட்டில் அது நடக்கவில்லை. பரிசோதனை முடிவை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்த எனக்குக் காப்பீட்டு நிறுவனம் பிரீமியத்தை ஏற்றியது. ஒரு முறைகூடப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்காத தம்பிக்கு அதே நிறுவனத்தில் சாதாரணக் கட்டணம். "பாலிசி புதுப்பித்த பிறகு பார்க்கலாம்" என்கிறான், போன வருடமும் அதைத்தான் சொன்னான்.